அலமாரி வந்த வழி

நுழையும்முன்

மக்கள் இடம்பெயரும்போது அவர்களோடு பொருள்களும் இடம்பெயர்கின்றன. பொருள்களோடு அவற்றின் பெயர்களும் செல்கின்றன. ஒரு சொல் எத்துறைமுகத்தில் இறங்கியது, எம்மொழியில் எவ்வாறு உருமாறியது என ஆராய்வது வரலாற்றை ஆராய்வதற்கு ஒப்பாகும். வீட்டில் நாள்தோறும் புழங்கும் பொருள் ஒன்றின் பெயர் பல மொழிகளில் பரவிய வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

பெட்டியும் அலமாரியும்

பொருள்களைச் சேமித்து வைக்கும் வழிகள் தமிழர் வாழ்வில் பல இருந்தன. தானியத்திற்குக் குதிர், பாலுக்கும் தயிருக்கும் உறி, விளக்கிற்கு மாடம், அன்றாடம் எடுக்காத பொருள்களுக்குப் பரண், ஆடைக்கும் அணிகலனுக்கும் பெட்டியும் பேழையும் எனப் பொருளுக்கேற்ற இடமும் இடத்திற்கேற்ற பெயரும் அமைந்திருந்தன. ஆயினும், இன்று தமிழ்நாட்டின் வீடுகளிலும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் வழங்கும் ‘அலமாரி’ என்னும் சொல் இவ்வரிசையில் பிற்காலத்தில் சேர்ந்தது.

பெட்டிக்கும் அலமாரிக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பெட்டி மேற்புறமாகத் திறப்பது. அதன் அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளவற்றை எல்லாம் அகற்ற வேண்டும். அலமாரி முன்புறமாகத் திறப்பது, தட்டுகளாகப் பிரிக்கப்பட்டது. எத்தட்டில் உள்ள பொருளையும் மற்றவற்றைக் கலைக்காமல் எடுக்கலாம். நூல்களையும் கோப்புகளையும் மடித்த துணிகளையும் வைப்பதற்கு இவ்வமைப்பு ஏற்றது. அமைப்பு புதிது, ஆகவே அதனைக் குறிக்கும் சொல்லும் புதிதாக வந்தது.

உரோமானியர் இல்லத்தில்

அலமாரியின் மூலம் இலத்தீன் மொழியிலுள்ள ‘அர்மாரியம்’ என்னும் சொல்லாகும். ‘அர்மா’ என்றால் கருவிகள், படைக்கலங்கள் என்று பொருள். கருவிகளை வைக்கும் இடம் அர்மாரியம் எனப்பட்டது. காலப்போக்கில் ஆடை, பணம், உணவு, நூல் என எதை வைக்கும் அடைப்பிற்கும் அது பெயராயிற்று.

உரோமானிய எழுத்தாளரான இளைய பிளினி தம் கடிதம் ஒன்றில், கடற்கரையில் இருந்த தம் மாளிகையை விரிவாக வருணிக்கிறார். அம்மாளிகையின் அறை ஒன்றில், மீண்டும் மீண்டும் படிப்பதற்குரிய நூல்களை வைக்கச் சுவரிலேயே அர்மாரியம் பதிக்கப்பட்டிருந்தது என்கிறார். பிளினி வாழ்ந்த காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கமும் ஆகும். இன்று தமிழ்நாட்டு வீடுகளில் காணப்படும் சுவர் அலமாரிக்கும் அவர் குறிப்பிடும் அமைப்பிற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவ மடங்கள் நூல்களைக் காத்தன. நூல்களைப் பேணும் துறவி, அவற்றை வைக்கும் அடைப்பின் பெயரால் ‘அர்மாரியுஸ்’ என அழைக்கப்பட்டார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடபகுதி மடம் ஒன்றில் எழுதப்பட்ட விவிலியப் படி, ‘அமியாட்டினுஸ் சுவடி’ எனப்படுகிறது. அதில் எஸ்ரா என்னும் மறைநூல் அறிஞர் எழுதிக்கொண்டிருக்கும் ஓவியம் உள்ளது. அவருக்குப் பின்னால் கதவு திறந்த அர்மாரியம் ஒன்று நிற்கிறது. அதன் தட்டுகளில் ஒன்பது நூல்கள் கிடத்தி வைக்கப்பட்டுள்ளன. படைக்கலத்தின் பெயரால் அமைந்த சொல், அறிவைக் காக்கும் பெட்டகத்தின் பெயராக வளர்ந்தமைக்கு இவ்வோவியம் சான்றாகும்.

ரகரம் லகரமான விதம்

இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகள் இச்சொல்லைத் தத்தம் இயல்புக்கேற்ப மாற்றிக்கொண்டன. ஸ்பானிய மொழியில் ‘அர்மாரியோ’, பிரெஞ்சு மொழியில் ‘அர்முவார்’, இத்தாலிய மொழியில் ‘அர்மாதியோ’ என இது வழங்குகிறது. போர்ச்சுகீசிய மொழியில் ‘அர்மாரியு’ என்னும் வடிவத்தோடு ‘அல்மாரியு’ என்னும் பழைய வடிவமும் இருந்தது.

இம்மாற்றங்களில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. அர்மாரியம் என்னும் சொல்லில் ரகர ஒலி இருமுறை அடுத்தடுத்து வருகிறது. ஒரே ஒலி நெருங்கி வரும்போது நா இடறுவது இயல்பு. அவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்க, இரண்டில் ஒன்றைப் பேசுவோர் தம்மை அறியாமலே வேறொலியாக்கிவிடுகின்றனர். இத்தாலியர் இரண்டாவது ரகரத்தை மாற்றினர். அது ‘அர்மாதியோ’ ஆயிற்று. போர்ச்சுகீசியர் முதல் ரகரத்தை லகரமாக்கினர். அது ‘அல்மாரியு’ ஆயிற்று. ஆசிய மொழிகள் பலவற்றில் இச்சொல் லகரத்தோடு வழங்குவதன் காரணம் இதுவே. அந்த ஒற்றை லகரம், சொல் எவ்வழியாக வந்தது என்பதைக் காட்டும் அடையாளமாக இன்றும் நிற்கிறது.

கடல்வழிப் பயணம்

1498ஆம் ஆண்டு வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் போர்ச்சுகீசியர் படைவலியால் கைப்பற்றினர். கொச்சி, கொழும்பு, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலும் அவர்கள் நிலைகொண்டனர். இவ்வாறு இந்தியப் பெருங்கடலின் கரைநெடுக அவர்களுடைய கோட்டைகளும் பண்டகசாலைகளும் ஆலயங்களும் எழுந்தன.

அங்குக் குடியேறியோர் தாம் பழகிய அறைகலன்களை நாடினர். அவற்றை எல்லாம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவருதல் எளிதன்று. கோவா, கொச்சி முதலிய ஊர்களில் இந்தியத் தச்சர்கள், உள்நாட்டு மரத்தைக் கொண்டு ஐரோப்பிய அமைப்பிலான பொருள்களைச் செய்தனர். செய்யச் சொன்னவர் மொழியில் பொருளுக்கு ஒரு பெயர் இருந்தது. செய்தவர் அப்பெயரைத் தம் நாவிற்கேற்ப ஒலித்தனர். அரசாணையோ அகராதியோ இதற்குத் தேவைப்படவில்லை. சொற்கள் பரவுவதற்குத் தச்சுப்பட்டறையும் சமையற்கட்டும் சந்தையும் போதுமானவையாக இருந்தன.

இத்துறைமுகங்கள் பலவற்றில் போர்ச்சுகீசியரின் ஆட்சி நிலைக்கவில்லை. மலாக்காவை 1641இலும், கொழும்பை 1656இலும், யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் 1658இலும் டச்சுக்காரர்களிடம் அவர்கள் இழந்தனர். ஆனால், அவர்களுடைய மொழி கரையோரங்களில் பொதுமொழியாகத் தொடர்ந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியரான சீகன்பால்கு, தமிழோடு போர்ச்சுகீசியத்தையும் கற்றுக்கொண்டார். டேனியரின் அத்துறைமுகத்திலும் அம்மொழி புழங்கியதே அதற்குக் காரணம். கோட்டைகள் கைமாறிய பின்னும் சொற்கள் கைமாறாமல் தங்கின.

அல்மாரியு என்னும் சொல் இந்தியில் ‘அல்மாரீ’ என்றும், வங்க மொழியில் ‘ஆல்மாரி’ என்றும், மலையாளத்தில் ‘அலமார’ என்றும், சிங்களத்தில் ‘அல்மாரிய’ என்றும், மலாயில் ‘அல்மாரி’ என்றும், இந்தோனேசிய மொழியில் ‘லெமாரி’ என்றும் வழங்குகிறது. இந்தோனேசிய வடிவத்தில் முதலில் இருந்த உயிரொலி பின்னே சென்று, லகரம் சொல்லின் முதலில் நிற்கிறது. தசை என்பது சதை என்றும், விசிறி என்பது சிவிறி என்றும் எழுத்து நிலைமாறி வழங்குவதனோடு இதனை ஒப்பிட்டு உணரலாம்.

தெரிந்து தெளிவோம்

இலத்தீன் அர்மாரியம் ஆங்கிலத்திற்குள் மூன்று வாயில்கள் வழியாக நுழைந்தது. தேவாலயச் சுவரில் திருக்கலங்களை வைக்கும் மாடத்தைக் குறிக்கும் ‘ஆம்ப்ரி’ இடைக்காலத்தில் வந்தது. ஆடை வைக்கும் பெரிய அடைப்பைக் குறிக்கும் ‘ஆர்ம்வார்’ பிரெஞ்சு மொழியிலிருந்து பின்னர் வந்தது. ‘அல்மைரா’ என்பது போர்ச்சுகீசியத்திலிருந்து இந்தியாவிற்கு வந்து, இந்தியாவிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் சொற்களஞ்சியம் இச்சொல்லைப் பதிவுசெய்துள்ளது. அதனைத் தொகுத்த இருவருள் ஒருவரான ஆர்தர் பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றி, அரண்மனையில் இருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை அமைத்தவர்.

தமிழ் ஏற்றுக்கொண்ட முறை

பிறமொழிச் சொல் எதுவாயினும், அதனைத் தன் எழுத்து முறைக்கேற்ப மாற்றி ஏற்பது தமிழின் மரபு. அலமாரி என்னும் சொல்லில் அம்மரபு தெளிவாகப் புலப்படுகிறது.

தமிழில் எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்பதனை மெய்ம்மயக்க விதிகள் வரையறுக்கின்றன. லகர மெய்யை அடுத்து வேற்றுநிலையில் க, ச, ப, ய, வ ஆகிய எழுத்துகளே வரும். செல்க, வல்சி, இயல்பு, கொல்யானை, செல்வம் ஆகியவை இதற்குச் சான்றுகள். லகரத்தை அடுத்து மகரம் வருதல் இல்லை. சொற்கள் புணரும்போது அவ்வாறு வர நேர்ந்தாலும் லகரம் னகரமாகத் திரிந்துவிடும். சொல் + மாலை என்பது சொன்மாலை என்றாகும். எனவே, ‘அல்மாரி’ என்னும் வடிவம் தமிழின் இயல்புக்கு ஒவ்வாதது. லகரத்திற்கும் மகரத்திற்கும் இடையே ஓர் உயிரைச் சேர்த்து, தமிழ் அச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டது.

சேர்த்த உயிர் எது என்பதில் மட்டும் வட்டார வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் அகரம் சேர்ந்து ‘அலமாரி’ ஆயிற்று. ஈழத்தில் உகரம் சேர்ந்து ‘அலுமாரி’ ஆயிற்று. இரு வழக்குகளும் ஒரே விதியின் இரு விளைவுகள். இலக்கணம் அறிந்த புலவர் கூடி எடுத்த முடிவன்று இது. எழுதப் படிக்க அறியாத மக்களின் நாவிலும் அவ்விதி வாழ்ந்தது என்பதற்கு இவ்விரு வடிவங்களும் சான்றாகின்றன.

ஈழத்தமிழுக்கும் தமிழ்நாட்டுத் தமிழுக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. சாவி, சன்னல், மேசை ஆகிய போர்ச்சுகீசியச் சொற்கள் தமிழில் கலந்துள்ளன. ஆனால், அமரும் இருக்கையை ஈழத்தமிழர் ‘கதிரை’ என்பர். இது ‘கதெய்ரா’ என்னும் போர்ச்சுகீசியச் சொல்லின் தமிழ் வடிவம். தமிழ்நாட்டினர் ‘நாற்காலி’ என்பர். இது நான்கு கால்களை உடையது என்னும் பொருளில் அமைந்த தமிழ்ச்சொல். ஒரே மொழியினர் ஒரு பொருளுக்கு ஓரிடத்தில் கடன்பெற்றனர். மற்றோரிடத்தில் புதிதாகப் பெயரிட்டனர்.

இடம் மாறப் பொருள் மாறும்

சொல் பயணம் செய்யும்போது அதன் ஒலி மட்டுமன்றிப் பொருளும் மாறுவதுண்டு. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் அலமாரி என்பது பெரும்பாலும் சுவரில் தட்டுகள் அமைத்த இடத்தையோ, நூல்கள் அடுக்கும் மரச்சட்டத்தையோ குறிக்கிறது. ஆடையும் பணமும் நகையும் வைத்துப் பூட்டும் இரும்பு அடைப்பிற்குப் ‘பீரோ’ என்பது பெயர்.

பீரோ என்னும் சொல்லின் வரலாறும் சுவையானது. பிரெஞ்சு மொழியில் அது முதலில் ஒருவகை முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. எழுதும் மேசையின்மேல் அத்துணி விரிக்கப்பட்டது. பின்னர் மேசையே அப்பெயர் பெற்றது. மேசை இருந்த அறையும், அவ்வறையில் இயங்கிய அலுவலகமும் அடுத்தடுத்து அப்பெயரால் வழங்கின. தமிழிலோ அச்சொல் மேசையையும் குறிக்கவில்லை, அலுவலகத்தையும் குறிக்கவில்லை. பூட்டும் சாவியும் உடைய நெடிய அடைப்பைக் குறித்து நிலைபெற்றது. தெலுங்கில் ‘பீருவா’ என்பதும் அதே பொருளில் வழங்குகிறது. ஒரு மொழி கடனாகப் பெறும் சொல்லைத் தன் தேவைக்கேற்பவே பயன்படுத்தும் என்பது இதனால் விளங்கும்.

பெட்டி சென்ற வழி

அலமாரி வந்த கடல்வழியாகவே தமிழ்ச்சொற்கள் வெளியே சென்றுள்ளன. சுமத்திராத் தீவின் பாரூஸ் பகுதியிலுள்ள லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அது ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்னும் வணிகக் குழுவினரைப் பற்றியது. போர்ச்சுகீசியர் மலாக்காவிற்குள் நுழைந்தபோது, அங்குத் தமிழ் வணிகர் செல்வாக்குடன் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

இத்தகைய நீண்ட உறவினால் மலாய் மொழியில் தமிழ்ச்சொற்கள் பல கலந்தன. கடை என்பது ‘கெடாய்’ என்றும், கப்பல் என்பது ‘காப்பல்’ என்றும் அங்கு வழங்குகின்றன. அவ்வரிசையில் இடம்பெறும் வீட்டுப் பொருளின் பெயர் பெட்டி. மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் அது ‘பெத்தி’ எனப்படுகிறது. அம்மொழிகளில் டகர இரட்டிப்பு ஒலி இல்லாமையால் அது தகரமாக மாறியது. தமிழ் அல்மாரியை மாற்றியதைப் போலவே, மலாயும் பெட்டியைத் தன் ஒலிமுறைக்கேற்ப மாற்றிக்கொண்டது. சிங்களத்திலும் இச்சொல் ‘பெட்டிய’ என வழங்குகிறது. பெட்டி, அலமாரி ஆகிய இரண்டிற்கும் சிங்களம் ‘ய’ என்னும் ஒரே ஈற்றைச் சேர்த்துள்ளது. ஒன்று அண்டை நிலத்தின் சொல், மற்றொன்று தொலைநாட்டின் சொல் என்ற வேறுபாட்டை அம்மொழியின் இலக்கணம் கருதவில்லை.

மலாய் மொழியில் பெத்தி என்னும் சொல் வேர்விட்டுக் கிளைத்துள்ளது. ‘சூராட்’ என்றால் கடிதம். ‘பெத்தி சூராட்’ என்றால் அஞ்சல் பெட்டி. ‘ஊண்டி’ என்றால் வாக்கு. ‘பெத்தி ஊண்டி’ என்றால் வாக்குப்பெட்டி. ‘பெசி’ என்றால் இரும்பு. ‘பெத்தி பெசி’ என்றால் பணம் வைக்கும் இரும்புப்பெட்டி. தமிழர் மரக்கலத்தில் ஏறிச் சென்ற காலத்தில் வாக்குப்பெட்டியும் இல்லை; அஞ்சல் பெட்டியும் இல்லை. பின்னாளில் தோன்றிய இப்பொருள்களுக்குப் பெயரிடும்போது, மலாய் மக்கள் தம் மொழியின் சொல்லாகவே கருதிப் பெட்டியைப் பயன்படுத்தினர்.

இதற்கு மேலும் தெளிவான சான்று குளிர்சாதனப் பெட்டியாகும். அதனை மலாய் மொழியினர் ‘பெத்தி செஜுக்’, அதாவது குளிர்ப்பெட்டி என்பர். இந்தோனேசியரோ ‘லெமாரி எஸ்’, அதாவது பனிக்கட்டி அலமாரி என்பர். ‘குல்காஸ்’ என்னும் வேறொரு பெயரும் அங்கு உண்டு. அது குளிர் அலமாரி என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லின் திரிபு. ஒரே பொருளுக்கு வழங்கும் இம்மூன்று பெயர்களில் தமிழ் வணிகர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் ஆகிய மூவரின் வருகையும் பதிந்துள்ளது.

ஒலி ஒப்புமை மட்டும் போதுமா?

இரு மொழிச் சொற்கள் ஒத்து ஒலிப்பதனால் மட்டும் அவற்றிற்கு உறவு உண்டு என முடிவுசெய்தல் கூடாது. மேசை என்னும் சொல் ‘மெசா’ என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. அதன் மூலம் ‘மென்சா’ என்னும் இலத்தீன் சொல். இந்தியில் மேசையை ‘மேஸ்’ என்பர். இரண்டும் ஒன்றே எனத் தோன்றும். ஆனால், இந்தி மேஸ் என்பது பாரசீகத்திலிருந்து வந்தது என அகராதிகள் கூறுகின்றன. பாரசீகத்தில் விருந்தளிப்பவரை ‘மேஸ்பான்’ என்பர். போர்ச்சுகீசியர் கீழைக்கடலுக்கு வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே வழங்கிய சொல் அது.

ஆகவே, சொல்லின் மூலத்தைத் தேடுவோர் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். இருமொழியினரும் எக்காலத்தில், எவ்விடத்தில் சந்தித்தனர்? அப்பொருள் யார் வழியாக வந்தது? ஒலி மாற்றத்திற்கு அவ்வம்மொழியில் விதி உண்டா? பழைய நூல்களிலும் ஆவணங்களிலும் அச்சொல் எப்போது முதல் காணப்படுகிறது? கோவாவில் பிறந்த அறிஞர் செபஸ்தியான் ரொடால்ஃபோ தால்காதோ, ஆசிய மொழிகளில் கலந்த போர்ச்சுகீசியச் சொற்களை இத்தகைய ஆய்வுநோக்கோடு தொகுத்து 1913இல் நூலாக வெளியிட்டார். கொச்சியிலும் கொழும்பிலும் மலாக்காவிலும் வழங்கிய வடிவங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் சொல்லின் வழித்தடம் தெளிவாகும்.

கொண்டதும் கொடுத்ததும்

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பிறநிலத்துச் சொற்களும் தமிழில் வந்து வழங்கும் என்பதை அவர் காலத்திலேயே தமிழ் இலக்கணம் அறிந்திருந்தது. அவற்றுக்கு இடமும் தந்தது. இக்கால மொழியறிஞர் அலமாரியைத் திசைச்சொற்களோடு சேர்த்து எண்ணுவர்.

அலமாரிக்கு மாற்றாக ‘நிலைப்பேழை’ முதலிய தமிழ்ச்சொற்களும் ஆக்கப்பட்டுள்ளன. நின்றிருக்கும் பேழை என்னும் அதன் பொருள் தெளிவானது. பேழை என்னும் பழஞ்சொல்லுக்குப் புதுவாழ்வு தருவது. சாவிக்குத் திறவுகோல் என்றும், சன்னலுக்குச் சாளரம் என்றும் சொற்கள் உள்ளன. இச்சொற்களைப் பயன்படுத்துவது மொழியின் ஆக்கத்திறனை வளர்க்கும். அதேவேளையில், அலமாரி என்னும் சொல்லின் வரலாற்றை அறிவது மொழியின் ஏற்கும் திறனை உணர்த்தும். வளரும் மொழிக்கு இவ்விரு திறன்களும் வேண்டும்.

கடன்பெற்ற சொற்களை மட்டும் எண்ணிப் பார்ப்போர்க்குத் தமிழ் பிறரிடம் பெற்ற மொழியாக மட்டுமே தோன்றும். கொடுத்த சொற்களை மட்டும் எண்ணிப் பார்ப்போர்க்கு அது யாரிடமும் எதையும் பெறாத மொழியாகத் தோன்றும். இரண்டும் அரைகுறைப் பார்வைகளே. கோலாலம்பூரில் ஒரு வீட்டின் படுக்கையறையில் அல்மாரி நிற்கிறது. சமையலறையில் பெத்தி செஜுக் நிற்கிறது. மதுரையில் ஒரு வீட்டில் அலமாரியும் குளிர்சாதனப் பெட்டியும் நிற்கின்றன. அவ்விரு வீட்டினரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதவராக இருக்கலாம். ஆயினும், தத்தம் வீட்டுப் பொருள்களைப் பெயர் சொல்லிக் காட்டினால், அவர்களுள் ஒருவர் சொல்வது மற்றவர்க்கு ஓரளவு விளங்கும்.